பள்ளிக்கூடத்து மொய்

கட்டணம் வாங்கும் மேசைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி தங்கைகளுக்கு, அதே மேசையில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து தேய்ந்தவன் சொல்லுவது. ரசீது கிழிப்பதும் பேரேட்டில் பதிவதும் ஒரு வாரத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும். அதற்கு நான் வேண்டாம். எதிரே ஒரு தகப்பனோ தாயோ நின்று, "ஆக மொத்தம் எம்புட்டுங்க?" என்று கேட்பார்கள் பாருங்கள், அப்போது உங்கள் வாயிலிருந்து என்ன வருகிறது என்பதுதான் இந்த உத்தியோகம். மற்றதெல்லாம் மைக்கூட்டில் மை ஊற்றுகிற வேலை. அந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை பதில் சொல்லி, ஒரு பெண்பிள்ளையின் படிப்பையே கெடுக்கப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கும் இப்போது வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். புதுக்கோட்டை அப்போது சமஸ்தானம். ஆலங்குடிக்கும் கறம்பக்குடிக்கும் நடுவில் ஒரு சந்தை ஊரில் எங்கள் பள்ளிக்கூடம் இருந்தது. சர்க்கார் பள்ளிக்கூடம் அல்ல, கமிட்டி நடத்துகிற தனியார் பள்ளிக்கூடம். கமிட்டி என்றால் பத்துப் பேர் என்று நினைக்காதீர்கள். கடலை மண்டி முதலாளி ஒருவர்தான். காரியதரிசியும் அவரே, பொருளாளரும் அவரே, ஆண்டு விழாவுக்குத் தலைவரும் அவரே, தலைவருக்கு நன்றி சொல்லுகிறவரும் அவரே. மண்டிக்குப் பின்புறம் பள்ளிக்கூடம். இரண்டும் வேறு வேறு என்கிற எண்ணம் அவருக்குக் கடைசிவரை வரவில்லை.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த பெரியவர் ஓய்வு பெற்றுப் போகும்போது எனக்கு ஒரே ஒரு பாடம் சொல்லிவிட்டுப் போனார். "தம்பி, ஆட்டுக்கறி விக்கிறவன் முழு ஆட்டு வெலையச் சொன்னா எவன்யா கடைக்கு வருவான்? கூறு போட்டுத்தான் சொல்லணும். மொத்தத்த மட்டும் வாயால சொல்லிப்புடாத" என்றார். நானும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னது அத்தனையும் தப்பு. ஆனால் அது தப்பு என்று தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று.

கூறு என்னென்ன என்று கேட்டால் சொல்கிறேன். அந்தக் காலத்தில் படிப்புக் கட்டணத்துக்குச் சம்பளம் என்று பேர். பிள்ளையின் தகப்பன் டெர்ம் தவறாமல் வந்து சம்பளத்தைப் பற்றி விசாரிப்பான், வாத்தியார்களும் மாதம் தவறாமல் விசாரிப்பார்கள். தகப்பன் கட்டிவிட்டுப் போவான், வாத்தியார் விசாரித்துவிட்டுப் போவார். ஒண்ணாவது பாரத்துக்கு, அதாவது இப்போதைய ஆறாம் வகுப்புக்கு, டெர்ம் சம்பளம் ஆறு ரூபாய். சேர்க்கைக்கு ஒரு ரூபாய். விளையாட்டுக்கு ஒரு ரூபாய். எங்களிடம் ஒரு பந்து இருந்தது, காற்று இல்லை. வாசகசாலைக்கு எட்டணா, ஒரு பீரோ இருந்தது, சாவி முதலாளியின் இடுப்பில் இருந்தது, உள்ளே மண்டியின் பழைய கணக்குப் புத்தகங்கள் இருந்தன. வைத்தியப் பரிசோதனைக்கு நாலணா. ஒரு கம்பவுண்டர் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி நாக்கை நீட்டச் சொல்லிவிட்டுப் போவார். காகிதம், மை வகைக்கு நாலணா. ஆக ஒன்பது ரூபாய். இதுவரைக்கும் நியாயம், சமஸ்தானம் அனுமதித்தது, ரசீது உண்டு.

இதற்கு மேல்தான் இருபத்தைந்து ரூபாய். அதற்குப் பேர் 'கட்டட நிதிக்கு மனமுவந்து அளிக்கும் நன்கொடை'. அனுமதித்ததற்கு மேல் கட்டணம் வாங்கினால் சமஸ்தானத்து மானியம் நின்றுபோகும். இன்ஸ்பெக்டர் மாசி மாதம் வந்து ரசீதுகளையும், பிள்ளைகள் விலகும்போது கொடுக்கும் டி.சி.யின் அடிக்கட்டைகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டுவார். அதனால் இந்த இருபத்தைந்துக்கு ரசீது கிடையாது. மனமுவந்து தர வேண்டும். மனமுவக்காவிட்டால் பிள்ளைக்கு இடம் கிடையாது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில், முகம் மாறாமல் சொல்ல வேண்டியது என் வேலை. மாதம் பதினெட்டு ரூபாய்க்கு அதைச் செய்துகொண்டிருந்தேன்.

அந்த ஆனி மாதம் சேர்க்கையின் கடைசி வாரத்தில் சின்னையாவும் அவர் பெண்சாதி அழகாயியும் வந்தார்கள். கறம்பக்குடிக்குத் தெற்கே கடலைக்காடு வைத்துப் பிழைக்கிற சம்சாரிகள். கூடவே அவர்கள் மகள் வள்ளி, பதினோரு வயசு. அந்த ஊரிலிருந்து ஒரு பெண்பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வருவது அதுவே முதல் தடவை. சின்னையா வாசலோடு நின்றுகொண்டார். பேசினது முழுக்க அழகாயிதான்.

"ஏம்மா, பொண்ணப் படிக்க வைக்கணும்னு எப்படித் தோணுச்சு?" என்று கேட்டேன்.

"மண்டியில கடலை போடுறோம், சீட்டுக் குடுக்குறாங்க. அதுல என்ன எழுதியிருக்குன்னு எங்க வீட்டுல மூணு தலைமொறைக்குத் தெரியாதுங்க ரைட்டரய்யா. இவ ஒருத்தியாவது படிச்சுச் சொல்லட்டும்" என்றாள்.

மண்டி முதலாளியின் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு நான் இதற்கு என்ன சொல்வது? கூறு போட ஆரம்பித்தேன். டெர்ம் சம்பளம் ஆறு என்றேன். தலையாட்டினாள். சேர்க்கை ஒன்று என்றேன். "ஏழு" என்றாள். விளையாட்டு, வாசகசாலை என்று நான் நீட்டிக்கொண்டு போகப் போக அவள் விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். சந்தையில் கடலை அளந்து பழகிய கை அது. ஒன்பதில் வந்து நின்றது.

"அம்புட்டுதானா?"

"இன்னொண்ணு இருக்கும்மா. கட்டட நிதி. இருபத்தஞ்சு ரூபா. அது கட்டணம் இல்ல. மனசார நீங்களா குடுக்கிறது."

அழகாயி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வாசலில் நின்றபடியே கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கு மனசு வரலீங்க" என்றார்.

"எனக்கும் வரலீங்க" என்றாள் அழகாயி. "ஒம்போது ரூவா கட்டுறோம். பேரு எழுதிக்கங்க."

இதற்குப் பெரியவர் பாடம் சொல்லித்தரவில்லை. பக்கத்து அறையில் முதலாளி வேண்டுமென்றே இருமினார். அந்த இருமலுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்: ஒன்பதோடு போகிற பிள்ளை என் பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம். மனசு வரவில்லை என்கிறவர்களிடம், மனசு வந்தே ஆக வேண்டும் என்று எப்படிச் சொல்வது? வேர்த்துவிட்டது எனக்கு. அந்தப் பெண்பிள்ளை வேறு என் மேசைமேல் இருந்த ரூல்தடியையும் பேரேட்டையும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அவசரத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அம்மா, இத நன்கொடைன்னு நெனைக்காதீங்க. மொய் மாதிரின்னு வச்சுக்கங்க. பள்ளிக்கூடத்துல ஒரு நல்ல காரியம் நடக்குது, கட்டடம் கட்டுறாங்க. நாலு பேரு செய்யுறதுதானே?"

அழகாயியின் முகம் அப்படியே மாறிவிட்டது. சின்னையா வாசலை விட்டு உள்ளே வந்தார்.

"மொய்யா? அத மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க ரைட்டரய்யா!" என்றார் அவர். "அப்ப நம்ம பள்ளிக்கூடம்னு சொல்லுங்க."

மூன்றாம் நாள் ஒரு கிடேரிக் கன்றை விற்றுவிட்டுப் பணத்தோடு வந்தார்கள். ஒன்பது ரூபாயை முந்தானையிலிருந்து அவிழ்த்து மேசைமேல் எண்ணி வைத்தாள். இருபத்தைந்தை அப்படி வைக்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, எலுமிச்சம்பழத்தோடு வைத்து நீட்டினாள். "எங்க ஊரு, பேரு போட்டு நோட்டுல எழுதுங்க. ஒரு சீட்டும் எழுதிக் குடுங்க" என்றாள். ரசீதுதான் கொடுக்கக் கூடாது, சீட்டு கொடுக்கலாமே என்று என் புத்திசாலி மூளை சொல்லிற்று. ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து ஊர், பேர், ரூபாய் இருபத்தைந்து என்று எழுதினேன். அதையே ஒரு துண்டுக் காகிதத்திலும் எழுதிக் கொடுத்தேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயால் கெட்டது போதாமல் கையாலும் கெட்டேன்.

முதலாளிக்கு ஒரே ஆனந்தம். அத்தனை வருஷத்தில் அந்த இருபத்தைந்தை முகம் சுளிக்காமல் கொடுத்தவர் எவருமில்லை. தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார்கள் என்றால் கேட்க வேண்டுமா? "இது என்னய்யா மந்திரம்?" என்று கேட்டார். சொன்னேன். "இனிமே எல்லாருக்கும் இப்படியே சொல்லு" என்றார். சொன்னேன். அந்த ஒரு வாரத்தில் இருபத்து மூன்று குடும்பங்கள் மனமுவந்தன. பள்ளிக்கூடச் செலவில் நாங்களே ஒரு தாம்பாளம் வாங்கி வைத்துவிட்டோம். எனக்கு மாதம் ஒரு ரூபாய் சம்பளம் உயர்ந்தது. நான் பெரிய ராஜதந்திரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மொய் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும் ஐயா! நானும் புதுக்கோட்டையில் பிறந்தவன்தான். இன்று நான் உன் வீட்டில் செய்தால் நாளைக்கு என் வீட்டு விசேஷத்தில் நீ அதைத் திருப்பிச் செய்ய வேண்டும், அதற்கு மேலே கொஞ்சம் கூட்டியும் வைக்க வேண்டும். அந்தக் கூடுதல்தான் உறவை அறுந்துபோகாமல் வைத்திருக்கும். திருப்பிச் செய்யாத வீட்டோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது, பேச்சுவார்த்தையும் கிடையாது. என் கல்யாணத்து மொய் நோட்டு என் பெட்டியிலேயே இருந்தது. ஆனால் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்ததும் மனுஷனுக்குத் தன் வீட்டில் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது. அது ஒரு வியாதி. உங்களுக்கும் வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

தை பிறந்தது. கடலை எடுத்து முடிந்து கையில் நாலு காசு புழங்குகிற நேரம். சின்னையாவும் அழகாயியும் பாக்கு வைத்து அழைக்க வந்தார்கள். வள்ளியின் தம்பிக்குக் காதுகுத்து. எனக்கு, எட்மாஸ்டருக்கு, முதலாளிக்கு என்று தனித்தனியாக வெற்றிலை பாக்கு. "பள்ளிக்கூடமே வந்துறணும்" என்றார் சின்னையா. முதலாளி நெகிழ்ந்துபோனார். "பாத்தியாய்யா, ஜனங்களுக்கு நம்ம மேல எம்புட்டு மரியாதை!" என்று என்னிடம் சொன்னார். அப்போதும் என் மண்டையில் ஏறவில்லை.

மூன்று பேரும் கூண்டு வண்டியில் போனோம். வாழையிலை போட்டுக் கறிச்சோறு. முதலாளி இரண்டு தடவை குழம்பு வாங்கினார். சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு பந்தலில் உட்கார்ந்தோம். ஒரு ஓரத்தில் மொய் எழுதும் மேசை. எழுதுகிறவர் அழகாயியின் அண்ணன், அவள் பிறந்த வீட்டில் எழுத்துத் தெரிந்த ஒரே ஆள். குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர், நல்ல வெண்கலக் குரல். பழைய நோட்டைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார், அவர்கள் வந்து தாம்பாளத்தில் வைப்பார்கள், தொகையை ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டு எழுதிக்கொள்வார். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் அடுத்து வாயைத் திறந்தபோதுதான் அது என் மண்டையில் ஏறியது.

"பள்ளிக்கூடம்! பள்ளிக்கூடத்துலேருந்து யாருங்க?"

பந்தல் முழுக்க எங்கள் பக்கம் திரும்பியது. நான் முதலாளியின் காதில் சொல்லுவதற்குள் அவர் எழுந்துவிட்டார். துண்டைச் சரி செய்துகொண்டார். தன்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார் மனுஷன்!

கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசினார். பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். கல்வியைத் திருடன் எடுக்க முடியாது என்றார், வெள்ளம் கொண்டுபோகாது என்றார். மொய் வைக்க வரிசையில் நின்றவர்கள் காசைக் கையில் இடுக்கிக்கொண்டே நின்றார்கள். காது குத்தின குழந்தை அழுதது. கடைசியில் குழந்தையை ஆசீர்வதித்துவிட்டு, கைதட்டலை எதிர்பார்த்துச் சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் தட்டவில்லை. சம்சாரி ஜனங்கள், கூச்சப்படுகிறார்கள் என்று முடிவு செய்துகொண்டு வண்டியில் போய் ஏறிக்கொண்டார். பின்னாலேயே எட்மாஸ்டரும் போனார்.

நான் மட்டும் மேசைக்கு முன்னால் நின்றேன். என் சட்டைப்பையில் ஒன்றேகால் ரூபாய் இருந்தது. அதைத் தாம்பாளத்தில் வைத்து, என் பேரைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். பிறகு, "பள்ளிக்கூடத்துக்கு என்னங்க எழுதட்டும்?" என்று கேட்டார். நான் வண்டியைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்து நோட்டில் எழுதியபடியே உரக்கச் சொன்னார்:

"பள்ளிக்கூடம். பேச்சு ஒண்ணு."

யாரோ சிரித்தார்கள். அழகாயி சிரிக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவில் முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பொம்பளைப் பிள்ளையைப் படிக்க அனுப்பாதே என்று சொன்ன அத்தனை பங்காளிகளும் அந்தப் பந்தலில்தான் இருந்தார்கள். அவர்களிடம், அது நம்ம பள்ளிக்கூடம், நம்மோடு மொய் நடக்கிற இடம் என்று சொல்லித்தான் அவள் மகளை அனுப்பியிருந்தாள். என் ஒருவன் வாய் அவளை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. அப்படி ஒரு வெட்கத்தை நான் பட்டதே இல்லை. வீட்டுக்கு வந்து என் பெண்சாதியிடம்கூடச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை மணி அடித்தவுடன் அழகாயி என் மேசைக்கு முன்னால் நின்றாள். வள்ளி கயிற்றால் கட்டிய புத்தகங்களோடு பக்கத்தில் நின்றாள்.

"டி.சி. எழுதிக் குடுங்க ரைட்டரய்யா."

"ஏம்மா, இன்னும் ரெண்டு மாசத்துல பரீட்சை. கணக்குல வகுப்புக்கே மொத மார்க்கு வாங்குற பொண்ணு..."

"மொய் திருப்பாத வீட்டுல பச்சத் தண்ணி குடிக்க மாட்டோம். அங்க பொண்ண எப்படிங்க விடுறது? ஒறவுமொறை சிரிச்சுப்புடுச்சு" என்றாள். இடுப்பிலிருந்து என் கையெழுத்துச் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இது ஒங்க எழுத்துதானே? இவதான் படிச்சுச் சொன்னா."

வள்ளி மெதுவாக, "பரீட்சை மட்டும் எழுதிட்டு வந்துர்றேனே ஆத்தா" என்றாள்.

"எனக்கு மட்டும் ஆசையாடி!" என்று அழகாயி கத்தினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திரும்பிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். "டி.சி. வேணும்னா மூணாவது டெர்ம் சம்பளம் ஆறு ரூபாயும், டி.சி. கட்டணம் எட்டணாவும் கட்டணும்மா" என்றேன். நாற்காலியின் புத்தி அது. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ண ஆரம்பித்தாள். அந்த விரல்களைப் பார்த்ததும் எனக்கு என் மேலேயே அருவருப்பாகிவிட்டது.

"வைங்கம்மா அத உள்ள" என்று சொல்லிவிட்டு டி.சி. புத்தகத்தை இழுத்தேன்.

டி.சி.யில் கடைசிக் கட்டம் ஒன்று உண்டு: விலகுவதற்கான காரணம். அதில் எல்லாரும் 'பெற்றோர் விருப்பம்' என்றுதான் எழுதுவோம். கையும் அதற்குத்தான் பழகியிருந்தது. பேனாவை வைத்துவிட்டேன். இதில் அவள் விருப்பம் எங்கே இருக்கிறது? பிறகு கொட்டை எழுத்தில், அடிக்கட்டையிலும் சேர்த்து, இப்படி எழுதினேன்: 'சேர்க்கையின்போது கட்டட நிதிக்கு மொய்யாகப் பெற்ற ரூபாய் இருபத்தைந்தைப் பள்ளிக்கூடம் திருப்பிச் செய்யாததால்.'

வள்ளியை விட்டு வாசிக்கச் சொன்னேன். அவள் ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தாள். அழகாயி, "சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, கையெழுத்தாகும்வரை இருப்பதாகச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள்.

எட்மாஸ்டர் நல்ல மனுஷர். எந்தக் காகிதத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற நல்ல மனுஷர். அன்றைக்குப் பார்த்து அவர் கண்ணில் அந்தக் கட்டம் பட்டுவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "என்னய்யா இது? மாசியில இன்ஸ்பெக்டர் வந்து அடிக்கட்டையப் பாப்பாரேய்யா" என்றார். "பாப்பாருங்க" என்றேன். நேரே மண்டிக்கு ஓடினார். ஐந்தே நிமிஷத்தில் முதலாளி வந்துவிட்டார். தோளில் துண்டுகூட இல்லை.

"ஏன்யா, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுது."

"டி.சி. புத்தகத்துல நம்பர் போட்டிருக்கு முதலாளி. கிழிச்சா அதுக்கும் இன்ஸ்பெக்டர் கணக்குக் கேப்பாரு."

"அந்த மொய் நோட்டக் கொண்டா. அடுப்புல போடுறேன்."

"நோட்டு ஒண்ணுதாங்க. சீட்டு இருபத்து மூணு வீட்டுல இருக்கு."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இப்பவே ஒன்ன வேலைய விட்டு நிறுத்துறேன் பாரு!" என்று மேசையில் அடித்தார். மைக்கூடு கவிழ்ந்தது.

எனக்கு அப்போது கல்யாணமாகி இரண்டு வருஷம், கையில் ஒரு குழந்தை, வாடகை வீடு. இருந்தாலும் சொல்லிவிட்டேன்: "நிறுத்துங்க முதலாளி. ஆனா எனக்கும் ஒரு காரணம் எழுதணும். அதையும் இன்ஸ்பெக்டர் பாப்பாரு."

அவர் என்னைப் பார்த்தார், எட்மாஸ்டரைப் பார்த்தார், சுவரோரம் சும்மா உட்கார்ந்திருந்த அழகாயியைப் பார்த்தார். மானியம் எவ்வளவு, மொய் எவ்வளவு என்று அவர் மனசுக்குள் தராசு ஏறி இறங்கியது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. வியாபாரி அல்லவா, எடை போடத் தெரியாதா? இடுப்புப் பையை அவிழ்த்து இருபத்தைந்து ரூபாயை எண்ணி மேசைமேல் போட்டார். "மேல ஒண்ணு வைக்கணும் முதலாளி" என்றேன் மெதுவாக. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு ரூபாயையும் போட்டார்.

அழகாயி எழுந்து வந்தாள். பணத்தைத் தொடவில்லை.

"மொய்ய மேசையில வச்சு வாங்குற வழக்கம் இல்லீங்க. எங்க வீட்டுக்கு வந்து, நாலு பேரு பாக்க, தட்டுல வச்சுச் செய்ங்க. அன்னிக்கி அம்புட்டுப் பேரும் பாத்தாங்கல்ல, இதையும் பாக்கட்டும்." வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினாள். "வாங்க, சாப்புடுங்க. பேச மட்டும் வேணாங்க."

போனார். பட்டப்பகலில், முதலாளி தாம்பாளத்தைத் தானே தூக்கிக்கொண்டு போனார். பள்ளிக்கூடம், ரூபாய் இருபத்தாறு என்று அந்த வெண்கலக் குரல் சொன்னபோது நானும் அங்கே நின்றேன். அடுத்த நாள் காலை வள்ளி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் அந்த டி.சி.யின் குறுக்கே, 'பள்ளிக்கூடம் மொய் செய்தபடியால் மாணவி தொடருகிறாள், ரத்து' என்று எழுதி, எட்மாஸ்டரிடம் கையெழுத்து வாங்கினேன். இந்தத் தடவை அவர் படிக்காமலே போட்டுவிட்டார்.

மாசியில் இன்ஸ்பெக்டர் வந்து அந்த அடிக்கட்டையைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். "திருப்பிச் செஞ்சாச்சா?" என்று மட்டும் கேட்டார். "மேல ஒரு ரூபா வச்சே செஞ்சாச்சுங்க" என்றேன். "மத்தவங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு முதலாளியின் முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், வேறு ஒன்றும் எழுதவில்லை. இன்ஸ்பெக்டரும் அந்தப் பக்கத்து ஆள், மொய் தெரிந்தவர்தானே.

மத்தவங்களுக்கும் செய்ய வேண்டியதாயிற்று. மாசியிலிருந்து வைகாசி வரைக்கும் காதுகுத்து, கல்யாணம், புதுமனை என்று மிச்சம் இருபத்திரண்டு வீட்டுக்கும் முதலாளி தாம்பாளத்தோடு போய்வந்தார். ஓயாமல் விருந்து சாப்பிட்டு வயிறு கெட்டுப்போய், கடைசியில் எங்கள் நாலணாக் கம்பவுண்டரிடமே நாக்கை நீட்டினார். எனக்கு உயர்த்திய ஒரு ரூபாயைத் திரும்பப் பிடித்துக்கொண்டார். கட்டடம் எழும்பவே இல்லை. ஆனால் அடுத்த ஆனியில் பள்ளிக்கூட வாசலில் நான் ஒரு பலகை எழுதி மாட்டினேன்: சேரும் வருஷத்துக்கு மூன்று டெர்முக்கும் சேர்த்து மொத்தம் இருபத்தோரு ரூபாய், இதற்கு மேல் ஒரு சல்லிக்காசு, ஓர் அம்மன் காசுகூடக் கிடையாது. முதலாளி அதைப் பார்த்துக்கொண்டே போனார், கழற்றச் சொல்லவில்லை. மொத்தத்தை வாசலிலேயே போட்டுவிட்டால் ஜனங்கள் ஓடிவிடுவார்கள் என்று பெரியவர் பயமுறுத்தியிருந்தார். ஓடவில்லை. அந்த வருஷம் பெஞ்சு போதாமல் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள்.

வள்ளி ஆறாவது பாரம் முடித்தது சமஸ்தானம் போய் இந்திய யூனியனோடு சேர்ந்த வருஷம். சர்டிபிகேட் வாங்க அழகாயியும் கூட வந்தாள். இந்த ஆறு வருஷத்தில் மண்டிச் சீட்டுகளை மகளை விட்டு வாசிக்கச் சொல்லி, மண்டிக்காரரோடு நாலு தடவை சண்டை போட்டு, நாலு தடவையும் ஜெயித்திருந்தாள். நான் டி.சி.யை எழுதி நீட்டினேன்.

"இந்தவாட்டி என்ன காரணம் போட்டிருக்காரு, படிடி" என்றாள்.

"படிப்பு முடிந்தது" என்று வாசித்தாள் வள்ளி.

அழகாயி அந்தக் காகிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, "பாக்கி எதுவும் இருக்குங்களா ரைட்டரய்யா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் கட்டியாச்சு."

"இருக்குங்க. பள்ளிக்கூடம் எங்க வீட்டுக்கு மேல வச்ச ஒரு ரூவா எங்க பேர்லதான் நிக்கிது. நீங்க மறந்தாலும் நோட்டு மறக்குமா?" மடியிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து மேசைமேல் பரப்பி, அதன்மேல் ஒரு ரூபாயை வைத்தாள். அதற்கு மேலே ஒரு நாலணாவையும் வைத்தாள். "எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டேன். அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்த விசேஷத்துக்கெல்லாம் எனக்குத்தான் பாக்கு வந்தது, என் பேரில் நானும் செய்துகொண்டு வந்தேன். பள்ளிக்கூடத்துக்கு அவர்கள் இன்னும் பாக்கு வைக்கவில்லை, பேத்தி கல்யாணத்துக்கு வைப்பதாக அழகாயி சொல்லியிருக்கிறாள். வள்ளி இப்போது கறம்பக்குடிப் பக்கம் டீச்சர், அவள் மகளுக்குக் கல்யாண வயசு. அந்த நாற்பது பக்க நோட்டு உங்கள் பீரோவின் அடித்தட்டில் இருக்கிறது, கடைசி வரி என் கையெழுத்து. பள்ளிக்கூடத்தின் பேரில் அந்த வீட்டுக்கு நாலணா நிற்கிறது. கல்யாணத்துக்குக் கட்டாயம் பாக்கு வரும். உங்களில் யார் போனாலும் சரி, தாம்பாளத்தோடு போங்கள், நாலணாவுக்கு மேலே கூட்டி வையுங்கள். அங்கே போய்ப் பேசாதீர்கள்.